பதினேழு நிமிடம்

மனிதகுலத்தின் முழங்கால்களுக்கு விடிவுகாலம் பிறந்துவிட்டது என்ற செய்தியை முதலில் அறிவித்துவிடுகிறேன். இனி யாரும் மாடிப்படியைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. கைப்பிடிச் சுவர்களை இடித்துவிடலாம். ஊன்றுகோல் விற்பவர்கள் குடை விற்கப் போகலாம். ஒரு மாத்திரை வந்திருக்கிறது. அதைச் சாப்பிட்டால், முழங்கால் தேய்ந்த ஒருவர் வலியில்லாமல் நடக்கிற நேரம் பதினேழு நிமிடம் கூடுகிறது. பதினாறும் அல்ல, பதினெட்டும் அல்ல. இதைக் கண்டு சொன்னவர் மருத்துவர் அல்லர். வாழ்நாளில் அடுத்தவர் முழங்கால் ஒன்றையும் தொட்டுப் பார்த்தவர் அல்லர். அவர் உயிரியல் புள்ளியியல் பேராசிரியர்.

அப்படி ஒரு உத்தியோகம் இருப்பதே பலருக்குத் தெரியாது. டாக்டர்கள் மருந்து கொடுப்பார்கள். நர்சுகள் படிவம் நிரப்புவார்கள். படிவங்கள் எண்களாகி இவர் மேசைக்கு வரும். இவர் கூட்டிக் கழித்து, மருந்து வேலை செய்ததா, இல்லை செய்தது மாதிரி நமக்குத் தோன்றுகிறதா என்று சொல்வார். நோயாளியின் முகம் இவருக்கு வேண்டியதில்லை. முகம் தெரிந்தால் கணக்கு கோணிவிடும் என்று இருபத்தாறு வருடமாக வகுப்பில் சொல்லிவருகிறார்.

பல்கலைக்கழக வாசலில் டீன் ஒரு பெரிய தட்டி கட்டவைத்திருந்தார். பேராசிரியரின் படம் ஒரு ஓரத்தில். நடுவில் ஆள் உயரத்துக்கு '17'. அதைப் பார்த்த பஸ் பயணிகள் அது பதினேழாம் நம்பர் பஸ் நிற்கும் இடம் என்று நினைத்துக் கீழே காத்து நின்றார்கள். பேராசிரியர் தினமும் அவர்களைக் கடந்துதான் உள்ளே போவார். தன்னைப் பார்க்க நிற்கிறார்கள் என்று அவர் நினைத்தாரா என்பது நமக்குத் தெரியாது. நடை கொஞ்சம் மெதுவானது மட்டும் தெரியும்.

அவருடைய மனைவி தபால் நிலையத்தில் பார்சல் கவுன்ட்டரில் வேலை பார்த்தார். இருபத்தெட்டு வருடம் நின்றபடியே எடைபோட்டு, முத்திரை குத்தி, ஒட்டாத உறைகளை ஒட்டச் சொல்லித் திருப்பி அனுப்பிய அம்மாள். முழங்கால் தேய்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இப்போது இதற்கு அருமையான மாத்திரை வந்திருக்கிறது, கட்டுரை எழுதினவரே உங்கள் வீட்டில்தானே இருக்கிறார் என்று சிரித்தபடி எழுதிக் கொடுத்தார்.

நாலு மாதமாக அம்மாள் அதைச் சாப்பிட்டார். காலை ஆறரைக்கு மாத்திரை, ஏழுக்குப் பூங்காவில் நடை, எட்டுக்குச் சமையலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி, ஒன்பதுக்கு வேலை. ஒன்பது கிலோ இளைத்தார். கவுன்ட்டரில் பக்கத்துச் சீட்டுக்காரிகள் பொறாமைப்பட்டு என்ன ரகசியம் என்று கேட்டார்கள். ரகசியம் இதுதான்: முட்டையைப் பார்த்தால் குமட்டியது, ரொட்டி வாசனை பட்டால் குமட்டியது, மத்தியானம் டிபன் டப்பாவைத் திறப்பவர்களைக் கண்டால் எழுந்து கிடங்குக்குள் போய் நிற்க வேண்டியிருந்தது. டாக்டரிடம் சொன்னதற்கு, பதினேழு நிமிடத்தை விட்டுவிடலாமா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

காலைச் சாப்பாட்டு மேசையில் பேராசிரியர் தினமும் ஒரே கேள்வி கேட்பார். "இன்னைக்கு எத்தனை நிமிஷம்?"

அம்மாள் இருபத்தஞ்சு என்பார், முப்பது என்பார். வலி எப்படி என்றால் பரவாயில்லை என்பார். பேராசிரியர் தேநீரை நிம்மதியாகக் குடிப்பார். மாத்திரைக்கு முன்னால் அம்மாள் நடந்தது பதினைந்து நிமிடம். கணக்கு சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

அந்த வீட்டின் மாடி அறையில் அம்மாளுடைய அண்ணன் இருந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். மாடி ஏறி இறங்க லிஃப்ட் இல்லாத வீட்டில் அவர் குடியிருப்பதை எல்லோரும் ஒருமுறையாவது சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். தங்கை தொட்டிக்குப் போகிற சத்தம் கேட்டால் அவர் படியில் பாதி வரை இறங்கி, அங்கேயே நின்று, சத்தம் ஓய்ந்த பிறகு திரும்பிப் போவார். மாப்பிள்ளை படித்தவர். அவர் கணக்குப் போட்ட மருந்தைப் பற்றி ஒரு லிஃப்ட் மெக்கானிக் என்ன சொல்ல முடியும்?

வினை வகுப்பறையில் வந்தது.

ஒவ்வொரு வருடமும் பேராசிரியர் மாணவர்களுக்குப் பயிற்சிக்காக ஏதாவது பழைய ஆய்வின் எண்களைக் கொடுப்பார். இந்த வருடம், தட்டி தந்த உற்சாகத்தில், தன்னுடைய முழங்கால் ஆய்வையே கொடுத்தார். இருநூறு நோயாளிகள். நூறு பேருக்கு மாத்திரை. நூறு பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் கழித்து, வலியில்லாமல் எத்தனை நிமிடம் நடக்கிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி. கரும்பலகையில் வழக்கம்போல முதல் விதியை எழுதினார்: எண்ணை முதலில் கண்ணால் பார், பிறகு கணக்குப் போடு.

வகுப்பில் ஒரு மாணவி, வயது முப்பத்தெட்டு. பெரிய ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து, படிப்பு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர். துறையில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர். மற்றவர்கள் கணினியில் ஒரு பொத்தானைத் தட்டிப் பதினேழைக் கொண்டுவந்து, அது வந்துவிட்ட மகிழ்ச்சியில் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சிஸ்டர் மட்டும் விதிப்படி எண்களை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருந்தார். விதியை நம்பி நடக்கிற ஆட்களால்தான் உலகத்தில் பாதித் தொல்லை.

"சார், ஒரு சந்தேகம். இதுல நாப்பது பேர் தொண்ணூத்தொன்பது நிமிஷம் நடந்திருக்காங்க."

"நல்லதுதானே சிஸ்டர். நடக்கட்டும்."

"தொண்ணூத்தெட்டு நிமிஷம் ஒருத்தர்கூட நடக்கல சார். எண்பது இல்ல, எழுபது இல்ல. மத்தவங்க எல்லாரும் அம்பதுக்குக் கீழதான். இந்த நாப்பது பேர் மட்டும் நேரா தொண்ணூத்தொன்பதுல போய் நிக்கிறாங்க."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டபோதும் தொண்ணூற்றொன்பது அங்கேயே இருந்தது.

"இது எங்க வார்டு படிவம் சார்," என்றார் சிஸ்டர். குரலில் வெற்றி எதுவும் இல்லை; வார்டில் ஒரு பாட்டில் தீர்ந்துவிட்டதைச் சொல்கிற குரல். "நானே நிரப்பியிருக்கேன். ஆள் திரும்பி வரலைன்னா கட்டத்தைக் காலியா விடக்கூடாது, தொண்ணூத்தொன்பதுன்னு போடணும். படிவத்தோட பின்பக்கத்துல அச்சடிச்சிருக்கும்."

பின்பக்கத்தை யாரும் நகல் எடுத்து அனுப்பவில்லை. முன்பக்கம் வந்தது, எண்கள் வந்தன, பேராசிரியர் கூட்டினார். கண்ணால் பார்க்கிற வேலையை உதவியாளர் செய்திருப்பார் என்று பேராசிரியரும், பேராசிரியர் செய்வார் என்று உதவியாளரும் இருந்துவிட்டார்கள். ஒரு காரியம் நடக்காமல் போவதற்கு இதைவிட உறுதியான ஏற்பாடு கிடையாது.

அந்த நாற்பது பேரில் மாத்திரை சாப்பிட்டவர்கள் எத்தனை என்று ஒருவன் கேட்டான். முப்பத்தொன்று. மாவு சாப்பிட்டவர்கள் ஒன்பது. மாத்திரைக்காரர்கள் ஏன் இவ்வளவு பேர் வராமல் போனார்கள் என்று இன்னொருத்தி கேட்டாள்.

"வாந்தி," என்றார் சிஸ்டர். "ரெண்டு வாரம் சாப்பிட்டுட்டு அப்புறம் அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கல. போன் பண்ணினா எடுக்கவும் மாட்டாங்க."

ஆக, விஷயம் இப்படி. மாத்திரை பிடிக்காமல் ஓடிப்போன ஒவ்வொருவரும், ஓடிய மாத்திரத்தில், தொண்ணூற்றொன்பது நிமிடம் நடந்தவர் ஆனார். எவ்வளவு பேர் ஓடினார்களோ அவ்வளவு உசத்தியான மருந்து. நூறு பேரும் ஓடியிருந்தால் தட்டி இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

பேராசிரியர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, நாற்பது பேரையும் நீக்கிவிட்டுக் கூட்டினார். மாத்திரை சாப்பிட்டவர்கள் சராசரி இருபது நிமிடம். மாவு சாப்பிட்டவர்கள் சராசரி இருபது நிமிடம். மூன்று முறை போட்டார். நாலாவது முறை கணினியை நம்பாமல் கையாலேயே போட்டார். அப்போதும் இருபது, இருபது.

அவருக்குக் குழப்பம் பிடித்துக்கொண்டது. மருந்து வேலை செய்யவில்லை என்றால் மனைவி எப்படி முப்பது நிமிடம் நடக்கிறாள்? ஒருவேளை அவளுக்கு மட்டும் வேலை செய்கிறதோ? ஒன்பது கிலோ குறைந்ததால் முழங்காலுக்குச் சுமை குறைந்ததோ? அப்படியென்றால் வாந்திதான் மருந்தா? நம்பிக்கையால் நடக்கிறாளோ? அப்படியென்றால் உண்மையைச் சொன்னால் நடை நின்றுபோகுமே. சொல்லாவிட்டால், வேலை செய்யாத ஒரு மாத்திரைக்காக அவள் தினம் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாளே. இருநூறு முகம் தெரியாத ஆட்களைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியவர், முகம் தெரிந்த ஒருத்தியிடம் ஒரு வாக்கியம் சொல்ல முடியாமல் மூன்று நாள் மென்று விழுங்கினார்.

நாலாவது நாள் மத்தியானம், அம்மாள் வேலையில் இருந்தபோது, லிஃப்ட்காரரிடம் சொன்னார். இரண்டு பேருமாக உருளைக்கிழங்கு மசித்து ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட்காரர் முழுவதையும் கேட்டார். கட்டுரை, தட்டி, தொண்ணூற்றொன்பது எல்லாம் அவர் காதுக்குள் போய் வெளியே வந்தன. உள்ளே நின்றது ஒன்றுதான்.

"அப்ப பாப்பா அதைச் சாப்பிட வேண்டாம்?"

"அதை இப்பவே சொல்ல முடியாது மச்சான்."

"வேலை செய்யலைன்னு நீங்கதானே சொன்னீங்க."

"சராசரியா செய்யல. அவளுக்குச் செய்யுதான்னு தெரியாது. தனி ஒருத்தர் விஷயம் வேற, கூட்டத்து விஷயம் வேற."

"நிறுத்திப் பாத்தா தெரிஞ்சுடும்ல?"

"சொல்லிட்டு நிறுத்தினா மனசு வேலை செய்யும். வலிக்கும்னு நினைச்சாலே வலிக்கும். அவளுக்குத் தெரியாம நிறுத்தணும். எனக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா நான் கேக்கிற தோரணையிலயே அவ கண்டுபிடிச்சுருவா."

லிஃப்ட்காரர் ரொட்டியைக் கீழே வைத்தார். "மாப்பிள்ளை, லிஃப்ட் மக்கர் பண்ணினா, முதல்ல மெயினை அணைச்சுட்டு, உள்ள இருக்கிறவங்களை வெளிய இறக்கிட்டுத்தான் நாங்க கை வைப்போம். நீங்க ஆள் உள்ள இருக்கிறப்பவே பிரிச்சுப் பாக்கணும்கிறீங்க."

பேராசிரியருக்கு அந்த உவமை பிடிக்கவில்லை. ஆனால் அவருக்குள் மூன்று நாளாகச் செத்துக்கிடந்த ஒரு ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டான். பெண்டாட்டியிடம் பேசத் தெரியாத மனிதருக்கு ஆய்வுத் திட்டம் போடத் தெரியும். எட்டு வாரம். நாலு வாரம் மாத்திரை, நாலு வாரம் மாவு. எந்த வாரம் எது என்பது சீட்டுக் குலுக்கலில். குலுக்குவதும், எழுதி உறையில் ஒட்டுவதும், மாத்திரைக் குப்பியை ஒவ்வொரு ஞாயிறும் நிரப்பி வைப்பதும் லிஃப்ட்காரர் வேலை. தினமும் நிமிடத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்வது பேராசிரியர் வேலை. நடப்பது அம்மாள் வேலை. அது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

லிஃப்ட்காரர் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் அறிவியல் அல்ல. எட்டு வாரத்தில் நாலு வாரமாவது பாப்பா வாந்தி எடுக்க மாட்டாள் என்று அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்திருந்தார்.

அது மழைக்காலம். ஒரு வாரம் ஊற்றும், ஒரு வாரம் வெறிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில், தங்கை துணி காயப்போட இடம் தேடி அலைகிற நேரத்தில், அண்ணன் மாடி அறையில் செய்தித்தாளை விரித்து உட்காருவார். மாத்திரை என்பது இரண்டு மூடி கொண்ட சின்னக் குழல். மூடியைத் திருகிப் பிரித்து, உள்ளே இருக்கிற மஞ்சள் தூளைத் தட்டிவிட்டு, காது குடையும் குச்சியின் முனையால் கோதுமை மாவை இட்டு, அழுத்தி, மூட வேண்டும். இரும்புக் கயிறுகளோடு பழகிய விரல்கள் அவருடையவை. முதல் ஏழு குழலுக்கு ஒரு மணி நேரம் ஆனது. மூன்று நசுங்கிப்போயின. மாவு வெளியே ஒட்டினால் துணியால் துடைப்பார். கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவைத்துக்கொண்டு, மூடின குழலை ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டிப் பார்ப்பார். முப்பத்தைந்து வருட வேலையில் இவ்வளவு கவனமாக எதையும் பூட்டியதில்லை என்று பிற்பாடு அவரே சொன்னார்.

இடையில் வாரத்துக்கு ஒருமுறை சிஸ்டர் பேராசிரியர் அறை வாசலில் வந்து நிற்பார். கட்டுரை வெளியான பத்திரிகைக்குத் திருத்தக் கடிதம் எழுதியாயிற்றா என்பார். ஒரு சோதனை நடந்துகொண்டிருக்கிறது, முடியட்டும் என்பார் பேராசிரியர். எத்தனை பேரை வைத்து என்று கேட்டதற்கு, சின்ன அளவில் என்றார். சிஸ்டர் தலையாட்டிவிட்டுப் போவார்; அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம் வருவார். வார்டில் எட்டு மணி ஊசிக்கு வருகிற மாதிரி.

வீட்டில் மாற்றங்கள் நடந்தன. அம்மாள் முட்டை சாப்பிட்டார். இரண்டாவது முட்டையும் சாப்பிட்டார். ஒருநாள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, உடம்புக்கு இந்த மாத்திரை பழகிப்போச்சு போல என்றார். பேராசிரியர் அதைக் கேட்டார்; குறித்துக்கொள்ளவில்லை. குறித்துக்கொள்ள வேண்டியது நிமிடம் மட்டும்தான் என்று திட்டத்தில் எழுதியிருந்தது. திட்டத்தில் இல்லாததை நடுவில் சேர்ப்பது முறையல்ல என்று அவர் பாடமே நடத்தியிருக்கிறார்.

எட்டு வாரம் முடிந்த சனிக்கிழமை, அம்மாள் அரை நாள் வேலைக்குப் போயிருந்தபோது, பேராசிரியர் உறையைப் பிரித்தார். லிஃப்ட்காரரின் கோணல் எழுத்தில் எட்டு வரிகள். இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு: மாத்திரை. மற்றவை மாவு. நோட்டில் இருந்த ஐம்பத்தாறு எண்களையும் பிரித்துக் கூட்டினார். மாத்திரை வாரங்களில் சராசரி முப்பத்தொரு நிமிடம். மாவு வாரங்களில் இருபத்துநாலு. ஏழு நிமிடம் வித்தியாசம். தற்செயலாக இப்படி வர நூற்றுக்கு மூன்று தடவைதான் வாய்ப்பு.

அவர் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். கட்டுரை தப்பு, ஆனால் உண்மை சரி. ஓடிப்போனவர்களைப் பற்றித் தெரியாது, ஓடாமல் நின்றவளுக்கு மருந்து வேலை செய்கிறது. ஒரு புதுக் கட்டுரைக்கே இடம் இருக்கிறது. தட்டியில் பதினேழை ஏழாக்கினால் போதும், ஒன்றை மட்டும் வெள்ளை அடித்துவிடலாம். இத்தனையும் இரண்டு நிமிடத்துக்குள் அவர் மனதில் ஓடி முடிந்தது. சமையலறையில் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த லிஃப்ட்காரரிடம் நோட்டோடு போனார்.

"மச்சான், வேலை செய்யுது. ஏழு நிமிஷம்."

"எது?"

"மாத்திரை. நீங்க மாத்திரை போட்ட வாரம் எல்லாம் அவ கூட நடந்திருக்கா."

லிஃப்ட்காரர் கத்தியைத் தொட்டிக்குள் வைத்தார். கை கழுவினார். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் கழுவினார்.

"நான் மாத்திரை போடல மாப்பிள்ளை."

"இதோ எழுதியிருக்கீங்களே. ரெண்டாவது வாரம், மூணாவது வாரம்..."

"சீட்டுல வந்ததை அப்படியே எழுதினேன். அதுல ஒண்ணும் தப்பில்ல. முதல் வாரம் மாவுன்னு வந்துச்சு, போட்டேன். பாப்பா ஏழு நாளும் வாந்தி எடுக்கல. வியாழக்கிழமை ஏதோ பாட்டு முணுமுணுத்துட்டே பாத்திரம் கழுவிச்சு. ரெண்டாவது வாரம் மாத்திரைன்னு வருது. எப்படிப் போடுறது, நீங்களே சொல்லுங்க. குழலைப் பிரிச்சேன், மாவுதான் வச்சேன். எட்டு வாரமும் மாவுதான்."

பேராசிரியர் நோட்டைப் பார்த்தார். முப்பத்தொன்று, இருபத்துநாலு. இந்தப் பக்கமும் மாவு, அந்தப் பக்கமும் மாவு. மாவை விட மாவு ஏழு நிமிடம் உசத்தி. நூற்றுக்கு மூன்று.

"அப்ப இந்த ஏழு நிமிஷம் எங்கிருந்து வந்துச்சு?" என்று அவர் கேட்டது லிஃப்ட்காரரை அல்ல. பதில் வந்தது பின்னாலிருந்து.

"மழை பெய்யாத வாரமா இருக்கும்."

அம்மாள் வாசலில் நின்றிருந்தார். குடையை மடக்காமல் கையில் பிடித்திருந்தார். அதிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. எப்போது வந்தார், எதிலிருந்து கேட்டார் என்று இரண்டு ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தெரிந்துகொள்ள முயன்றார்கள்.

"மழைன்னா பூங்காவுல ஒரு சுத்தோட திரும்பிடுவேன். தரை வழுக்கும்," என்றார். பிறகு குடையை மூலையில் சாத்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்காரும்போது மேசையைப் பிடித்துக்கொண்டார். "முதல்ல இருந்து சொல்லுங்க. அண்ணே, நீ பேசாத. அவர் சொல்லட்டும்."

பேராசிரியர் சொன்னார். தொண்ணூற்றொன்பதில் ஆரம்பித்தார், நடுவில் சராசரிக்குப் போனார், மனசு வேலை செய்வதைப் பற்றி ஒரு சிறு விரிவுரை ஆற்றிவிட்டு, அது யாருக்கும் தேவைப்படவில்லை என்று கண்டு நிறுத்தினார். சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அம்மாள் கவுன்ட்டரில் ஒட்டாத உறையைப் புரட்டிப் பார்ப்பது போல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலி?" என்று கடைசியில் பேராசிரியர்தான் கேட்டார். "உனக்கு வலி குறைஞ்சதா, இல்லையா?"

"குறையவே இல்ல."

"பரவாயில்லைன்னு தினம் சொன்னியே."

"நீங்க தினம் கேட்டீங்க. இல்லைன்னு சொன்னா உங்க மூஞ்சி எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதா? வாசல்ல அவ்வளவு பெரிசா தட்டி கட்டி வச்சிருக்காங்க. கணக்குப் போட்டவரோட பெண்டாட்டிக்கே கேக்கலைன்னா நாலு பேர் என்ன சொல்வாங்க? வலியோடதான் நடந்தேன். நடந்தா நல்லதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

லிஃப்ட்காரர் அடுப்பைப் பற்றவைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளைங்களுக்கு முதல் வகுப்புல என்ன சொல்லிக் குடுப்பீங்க?" என்று அம்மாள் கேட்டார்.

"எண்ணை முதல்ல கண்ணால பாக்கணும்..."

"அது ரெண்டாவது. மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தாள் காட்டுவீங்களே. கையெழுத்து வாங்குற தாள். நீங்க ஊருக்குப் போயிருந்தப்ப ஐந்நூறு தாள், பார்சலா கட்டி, என் கவுன்ட்டர்லதானே அனுப்பச் சொன்னீங்க. நான்தான் எடை போட்டேன்."

"சம்மதக் கடிதம்," என்றார் பேராசிரியர்.

"முகம் தெரியாதவங்க இருநூறு பேர்கிட்ட வாங்கினீங்க."

பேராசிரியர் நோட்டை மூடி மேசையில் வைத்தார். அம்மாள் அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. போட்டிருந்தால் பேராசிரியருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார். "மாவா மாத்திரையான்னு தெரியாமயே சாப்பிட்டிருப்பேன். உங்களுக்கு உதவியா இருக்கும்னா செய்ய மாட்டேனா? நம்பலைல நீங்க. என்னைவிட நோட்டு மேல நம்பிக்கை."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "நீ மட்டும் என்ன. எட்டு வாரம் எனக்கு மாவு ஊட்டியிருக்க."

"வாந்தி நின்னுச்சுல்ல பாப்பா," என்றார் லிஃப்ட்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நின்னுச்சு," என்று ஒப்புக்கொண்டார் அம்மாள். எழுந்து, மேசையைப் பிடித்து நிமிர்ந்து, பாதி சீவிய கிழங்கை எடுத்துக்கொண்டார். "திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க. டாக்டர்கிட்ட நீங்களே சொல்லணும். என் வாயால சொல்ல மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வீட்டில் யாரும் யாரையும் எத்தனை நிமிடம் என்று கேட்கவில்லை. பேராசிரியர் பத்திரிகைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். 'வருந்துகிறோம்' என்று எழுதினார். யார் அந்த 'றோம்' என்று யோசித்து அதை அடித்துவிட்டு, 'வருந்துகிறேன்' என்று எழுதினார். மத்தியானத்துக்குள் அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் கூடம் நிறைந்திருந்தது. நீல நாற்காலிகளில் வரிசையாக முழங்கால்கள். பேராசிரியர் தன் தொழிலின் மூலப்பொருளை நேரில் பார்ப்பது அதுவே முதல் தடவை. பதினொரு பேர் கையில் அதே மாத்திரைக் குப்பி இருந்தது. அவரால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு கட்டட மேஸ்திரி மடியில் பிளாஸ்டிக் பையை விரித்துவைத்திருந்தார். எதற்கு என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. இருந்தாலும் பேராசிரியர், குமட்டலா என்று கேட்டார்.

"ஆமா சார். ஆனா நல்ல மருந்தாம். யாரோ பெரிய ஆள் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்காராம்," என்றார் மேஸ்திரி.

பேராசிரியர் அந்த முகத்தைப் பார்த்தார். நான்தான் அந்த ஆள், என் கணக்கு தப்பு, வேண்டாம் என்று சொன்னார். மேஸ்திரி சற்று நேரம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இரண்டு நாற்காலி தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

டாக்டர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பெரியவர்கள் இப்படித்தான் தங்கள் வேலையைத் தாங்களே குறைத்துப் பேசுவார்கள் என்று எழுந்து நின்று சொன்னார்.

"அவர் அடக்கத்துல பேசல டாக்டர்," என்றார் அம்மாள். "தப்பாப் போட்டுட்டேன்னு சொல்றார்."

டாக்டர் உட்கார்ந்தார். இந்த அம்மாளுக்கு மாத்திரையை அப்போதே நிறுத்தினார். மற்றவர்களுக்கு, திருத்தம் அச்சில் வரட்டும், அச்சில் வராததை வைத்துச் சிகிச்சையை மாற்ற விதியில் இடமில்லை என்றார். சிஸ்டர் இதைக் கேள்விப்பட்டு, மறுநாளே வார்டுக்குப் போய், தன் பழைய தோழிகளிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த மாதத்திலிருந்து திரும்பி வராதவர்களின் எண்ணிக்கை ஏகமாகக் கூடியது. அவர்களுக்கெல்லாம் படிவத்தில் என்ன எண் போட்டார்கள் என்று நமக்குத் தெரியாது.

பத்திரிகை ஏழு மாதம் கழித்து, விளம்பரங்களுக்கு முந்திய பக்கத்தில், நாலு வரித் திருத்தம் வெளியிட்டது. டீன் முதலில் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் பழைய தட்டியை இறக்கிவிட்டு, அறிவியல் நேர்மைக்கு எங்கள் பல்கலைக்கழகம் முன்னோடி என்று புதுத் தட்டி கட்டவைத்தார். அதிலும் பேராசிரியர் படம் இருந்தது. பஸ் பயணிகள் குழம்பிப்போய் எதிர்ப்பக்கம் நின்றார்கள்.

பேராசிரியர் இப்போது மனைவியோடு காலையில் பூங்காவுக்குப் போகிறார். போகலாமா என்று முந்தின நாள் கேட்டுவிட்டுத்தான் போகிறார். கைக்கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்பது அம்மாளின் நிபந்தனை. கிளம்பும்போது அம்மாள் அவருடைய சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்துக்கொள்கிறார்.

அம்மாளுக்கு முழங்கால் வலிக்கிறது.